உனக்கு மட்டும் சீக்கிரம் ஆறிய கால்

என் உயரமே இருந்த அண்ணாவுக்கு,

வைகாசி வந்துவிட்டது. நம் தெருப் பெருமாள் புறப்பாட்டுக்கு ஆள் சேர்க்கிறார்கள். இந்த முறை நானும் தோள் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீதான் இல்லை.

சாமி தூக்குகிறவர்களை உயரம் பார்த்துத்தானே ஜோடி சேர்ப்பார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து நீயும் நானும்தான் ஜோடி. போன வைகாசியில் செவிலிமேட்டுத் திருப்பத்தில் வழுக்கி, பல்லக்குத் தண்டு சாய்ந்து, இரண்டு பேருக்கும் கெண்டைக்கால் சதை கிழிந்தது. ஒரே டாக்டர், ஒரே மருந்து. ஆடிப்பூரத்துக்கு நீ தண்டுக்கடியில் நின்றாய். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் இடத்தில் எதிர்வீட்டு சேகர். உன்னைவிட இரண்டு விரற்கடை உயரம். அவனுக்குச் சரியாக உன் தோள் துண்டில் இன்னொரு மடிப்பு வைத்திருந்தாய். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தும் உன் சதைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

போன வாரம் ஊருக்கு வந்த உன் பொண்ணிடம் கேட்டே விட்டேன். உயிரியல் படிக்கிறவளாயிற்றே.

"சதைய ஒட்டியே சில செல்லுங்க தூங்கிக்கினு இருக்கும் சித்தப்பா. அடிபட்டா சில ஜீன் வேலை செஞ்சு அதுங்கள எழுப்பிவுடும். அதுங்க பெருகும். அப்புறம் வேற ஜீனுங்க, பெருகுனது போதும், சதையா சேருன்னு சொல்லும்."

"உங்கப்பனுக்கு மட்டும் சீக்கிரமா சொல்லிச்சா?"

"கூடப்பொறந்தவங்களுக்கும் ஜீன் அப்படியே ஒண்ணா இருக்காது. அதோட நீ ஓய்வே எடுக்கலியே, கட்டோட நடந்துக்கினு இருந்தியே."

உன்னைப் பார்த்துத்தானே நடந்தேன்?

மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயே, அதையும் கேட்டேன். அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற உடம்பு அன்றைக்கு ஏன் ஆறவில்லை?

"இதயமும் சதைதான். ஆனா அங்க அந்த மாதிரி செல்லு இல்ல சித்தப்பா. செத்த எடத்துல தழும்புதான் வரும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதைக் கேட்ட பிறகும் உன் காலை நினைத்தால் எனக்குப் பொறாமைதான் வருகிறது. உன்மேல் பொறாமைப்படும்போது நீ எதிரில் இருக்கிற மாதிரி இருக்கிறது. அதை நான் ஏன் விட வேண்டும்?

இந்த வருஷம் உன் இடத்தில் சேகர் நிற்கப்போகிறான். அவன்மேலும் இப்போதே எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் நீ செய்த மாதிரியே துண்டில் இன்னொரு மடிப்பு வைத்துக்கொள்கிறேன். சாமியைச் சாய விடமாட்டேன் அண்ணா.

உனக்கு ஜோடியாக நின்ற,
தம்பி