கோல் கம்பத்துக்குப் பின்னால் என் நாற்காலி

திகாம் பத்து,
திங்கட்கிழமை, காலை பசியாறிய பிறகு.

அன்பு மகன் திவாகரனுக்கு, அம்மா காளியம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை லோகேஸ்வரி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரம் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே சிங்கப்பூரில் நீயும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முனீஸ்வரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் நான் எது பேசி அனுப்பினாலும் நீ பாதியைக் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிடுகிறாய், அதனால்தான் இந்தத் தடவை தாளில். பக்கத்து வீட்டுச் சுகுமாரன் நாளைக்கு உன் ஊருக்கு பஸ் ஏறுகிறான், அவனிடம் ஒரு டின் முறுக்கும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைத் தின்றுகொண்டே படி, முடிக்காமல் எழுந்திருக்காதே. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்கு கம்பெனி பஸ் ஏறிப் போய்த் தரை துடைத்துவிட்டு வருகிற எனக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. அதற்காக இவள் என் வார்த்தையை அங்கே இங்கே மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும், எழுதி முடித்ததும் நான் வாசித்துப் பார்ப்பேன்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைவேலு வாயைத் திறந்துவிட்டான். அதே திடலில், அதே மைக்கில், ஊரே நிற்கும்போது. எப்படி என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். இத்தனை வருஷம் சோறு ஊட்டி வளர்த்த கோபம், அதை நான் நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தீபாவளிக் கிண்ணப் போட்டியில் நீ நம் எஸ்டேட் டீமுக்கு கோல் கீப்பர். எதிர் டீம் பையன் உன் கம்பத்துப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தான், ரெஃப்ரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நீ கோலை விட்டுவிட்டு ஓடி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாய், பந்து காலியான கோலுக்குள் போனது. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பையன் பிழைத்தான். அதற்கு டீம் மேனேஜர் குழந்தைவேலு செய்தது என்ன? எல்லார் முன்னாலும் உன் கன்னத்தில் அறைந்தான், மைக்கைப் பிடித்து, இவன் எதிர் டீம்கிட்ட டுயிட், காசு வாங்கிக்கிட்டு கோலை வித்துட்டான் என்றான். மறு வாரமே கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளப் பையன்கள் உன்னைக் கூப்பிடவில்லை. நீ உறுமியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டாய், இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்தில் உன் தங்கையைப் பார்த்து, லோகா, ஒரு கோல் எவ்வளவு, ஒரு கோல் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு, ஏற்கெனவே வாய் திறக்காத பெண்ணை மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்தார்கள். இவ்வளவும் ஒரு மனிதன் வாயால்.

சும்மா இருக்கிறவளா நான். சண்டைக்குப் போனால் வாய்க்காரி என்பார்கள், பஞ்சாயத்துக்குப் போனால் அவன் ஆட்களே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கினேன். டீம் விளையாடும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டு, குடையை விரித்து, அவன் நிற்கும் இடத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் இடம் மாறினால் நானும் நாற்காலியைத் திருப்பிக்கொள்வேன். முதல் மாதம் அவன் பையன்களிடம், அங்க உக்காந்திருக்கிறது சாமியா பேயான்னு தெரியல, எதுக்கும் கும்பிட்டுட்டுப் போங்கடா என்று சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் லோகாவையும் இழுத்துக்கொண்டு போனேன், உன் உறுமியை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். இவன் டீம் கோல் வாங்கும்போதெல்லாம் நீ ஒரு அடி அடிக்கணும், வேற ஒன்னும் வேண்டாம் என்று சொன்னேன். கூட்டத்தைப் பார்த்து இவள் என் குடைக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆனால் முதல் கோல் விழுந்ததும் ஒரு இழுப்பு இழுத்தாள் பாரு, மாடு மிரண்ட மாதிரி திடல் முழுக்க உறுமியது, குழந்தைவேலு கையிலிருந்த மைலோவைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் திவா, பார்த்துக்கொண்டே இருந்தால் பார்க்கிறது உள்ளே வந்துவிடும் போலிருக்கிறது. உன் அப்பா இருந்த காலத்தில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று எத்தனை தடவை சொன்னார், மண்டையில் ஏறவில்லை. கோபத்தில் உட்கார்ந்தேன், எல்லாம் ஏறிவிட்டது. இப்போது லெஃப்ட் பேக் பையன் பின்னால் வராமல் நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெயிலில் பையன்கள் நாக்கு தொங்க நிற்பதைப் பார்க்க முடியாமல் மூடி போட்ட ஒரு பெரிய வாளி, ஐஸ் தோங், அது நிறைய பார்லி தண்ணீர் கொண்டு போனேன். வந்த டீமுக்கும் கொடுப்பேன், ரெஃப்ரிக்கும் கொடுப்பேன், அவன் ஒருவனுக்குத்தான் கிடையாது. அவன் பக்கம் வரும்போது மூடியைப் போட்டு மூடிவிடுவேன், சத்தம் கேட்கிற மாதிரி. உன் அப்பா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதற்கும் உதவாத நாளாகக் கிடந்தது, இப்போது சனிக்கிழமை மத்தியானமே பார்லியைக் கழுவி வைத்துவிடுகிறேன். லோகாவும் கோலுக்கு மட்டும் அடிப்பதை விட்டுவிட்டாள். இடைவேளையில் அடிக்கிறாள், பையன்கள் ஓடிச் சூடேற்றும்போது அவர்கள் காலுக்குத் தக்க அடிக்கிறாள். ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள், அதில் என்னவெல்லாமோ பேசுகிறாள். செமிலிங்கிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருகிறார்கள், இவள் வாயைத் திறக்காமலே சொல்லிக்கொடுக்கிறாள். இதையெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை, பழி வாங்கப் போன இடத்தில் இதெல்லாம் தானாக நடந்தது.

சரி, நேற்று நடந்ததைக் கேள். செமிலிங் டீமோடு ஒரு கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டம். நெருப்பு மாதிரி வெயில். இப்போது நம் கோல் கீப்பர் யார் தெரியுமா, அவன் சொந்த மகன் காளிதாசன். உன் இடம். பையன் கெட்டவன் இல்லை, தோங்கைத் தூக்க அவன்தான் ஓடி வருவான், அப்பனிடம் திட்டும் வாங்குவான். இரண்டாம் பாதியில் குழந்தைவேலு கோட்டோரமாகவே கத்திக்கொண்டு வந்தான், முன்னால வாடா, எருமை, முன்னால வா என்று. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தவன் அப்படியே நின்றான், பேச்சு குழறியது, கீழே விழுந்தான். இனிப்புநீர்க்காரன், சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். காளிதாசன் திரும்பிப் பார்த்தான். அப்பா என்று ஒரு கத்தல், கோலை விட்டுவிட்டு ஓடி வந்தான். செமிலிங் பையனுக்கு இங்கே நடந்தது தெரியாது, அடித்தான், பந்து காலியான கோலுக்குள் போனது. அதே கோல். அதே கம்பம். யாரும் கோலைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமை. லோகாவைப் பார்த்து, அடிடி என்று தலையை ஆட்டினேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா, குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி, உன்னைத்தான் சொல்கிறேன், அப்படியே எழுது. இத்தனை நாள் பார்லி தண்ணீர் காய்ச்சியது எதற்கு, குச்சியைக் கீழே வைக்கவா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிறகுதான் நான் மெதுவாக எழுந்து, மெதுவாகத் தோங்கைத் திறந்து, ஒரு குவளை மொண்டு, இன்னும் ஒரு கை சீனி போட்டு, நடந்து போய் அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். குடிச்சிட்டு எழுந்திரு, உனக்கு இன்னும் மைக்கில வேலை இருக்கு என்று சொன்னேன்.

ஆட்டம் தோற்றார்கள். சாயங்காலம் பரிசு கொடுக்கும்போது எல்லாரும் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவன் போகவில்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு வந்தான். அன்னைக்கு நான் சொன்னது பொய், திவாகரன் கோலை விக்கல, ஒரு உசுரப் பார்த்து ஓடினான், இன்னைக்கு என் பையனும் அதான் செஞ்சான், அவனை அறைய எனக்குக் கை வரல என்று சொன்னான். மைக் கீச்சென்றது. நான் நாற்காலியிலிருந்தே, பின்னாடி கேக்கல லா என்று சத்தம் போட்டேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். மூன்றாம் தடவையும் சொல்ல வைத்திருப்பேன், லோகா என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஒரு கோல் எவ்வளவு என்று கேட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தியையும் விடாமல் முகம் முகமாகப் பார்த்தேன். அவர்களுக்கு அது போதாது, இன்னும் பார்ப்பேன்.

இன்று காலையில் காளிதாசன் வந்தான். அண்ணன் தீபாவளிக்கு வந்தா கோல்ல நிப்பாரா அத்தே, நான் முன்னால விளையாடிக்கிறேன் என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அனுப்பினேன், இரண்டு முறுக்கு கொடுத்தேன், அவ்வளவுதான். நீ உடனே சரி என்று சொல்லாதே. மகன் கேட்டால் போதாது, அப்பன் கேட்கட்டும். அவன் கூப்பிட்டதும் போனை எடுக்காதே, மறுபடியும் கூப்பிடட்டும். அதற்குள் நீ லீவு மட்டும் எழுதிக் கொடுத்துவிடு, தீபாவளி நெருங்கினால் பஸ் டிக்கெட் கிடைக்காது. உன் கையுறையை லோகா துவைத்துக் காயவைத்திருக்கிறாள், பழையதுதான், விரல் ஓரம் தைத்தாயிற்று. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அடுத்த ஞாயிறும் நாற்காலி அங்கேதான் இருக்கும், அவன் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான். தண்ணீர் மட்டும் இனி அவனுக்கும் கொடுப்பேன். இனிப்புநீர்க்காரன் விழுந்து தொலைத்தால் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது.

பட்டறையில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதே. பாக்கெட் மெகி மீயைத் தின்றே வயிற்றை நிரப்பாதே. உன் கையும் காலும் கண்ணும் பத்திரமாக இருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், உன்னை அறைந்த கை உனக்குக் கும்பிடு போடட்டும். தோங் மூடிக்கு அங்கே ரப்பர் வளையம் கிடைத்தால் வாங்கி வா, இங்கே தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
காளியம்மா

அண்ணே, அம்மா எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருக்கிறார். கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன். நேற்றுத் திடலில் அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. குழந்தைவேலு விழுந்ததுமே நாற்காலி கவிழ, செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்தச் சுடுமணலில் ஓடினார். பந்து கோலுக்குள் போனபோது குழந்தைவேலு தலை அம்மா மடியில் இருந்தது. அடிக்கச் சொல்லி அம்மா தலையாட்டவே இல்லை. நான்தான் குச்சியைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்த பெண்கள் எல்லாரும் வேலியோரம் நின்றார்கள், அவர்கள் காது கிழிய அடிக்க வேண்டும் என்று இருந்தது. அம்மா அங்கிருந்தே என்னை ஒரு தடவை பார்த்தார், அதனால்தான் கீழே வைத்தேன். அடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. நீ கோலில் நிற்கும் அன்றைக்கு அடிக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, அவர் கால் கொப்புளம் ஆறட்டும்.

லோகா