என் ரத்தத்துக்கு உன்னைத் தெரியவில்லை

கோபம் தீராவிட்டாலும் என் அன்பான ஏழுமலை அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க முடியாது. நாங்கள் இருக்கிறோம். மழை நின்று மரக்காணம் உப்பளத்தில் மறுபடி பாத்தி சரி செய்கிறார்கள். உன் பாத்திகளை அண்ணி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நான் வழக்கம்போலக் குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டி, படுக்கை விரித்துவிட்டு முதலியார்சாவடிக்குத் திரும்புகிறேன்.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோது நம் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. சென்னை ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் உட்கார வைத்து விளக்கினார். வைரஸோ வேறு கிருமியோ உள்ளே வந்தால், இது நம்முடையது இல்லை என்று கண்டுபிடித்து அழிப்பது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள்தானாம். ஒரு முறை மோதிய கிருமியை மறக்காமல் வைத்திருந்து, அடுத்த முறை வந்தால் சீக்கிரமே பிடித்துவிடுமாம். சின்ன வயதில் தட்டம்மை வந்த நமக்கு அது திரும்ப வராதது அதனால்தான் என்றார். உனக்கோ அந்த அணுக்களே கெட்டுப்போய், ஒரு வேலையும் செய்யாமல் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றை மருந்தால் அழித்துவிட்டு, புது அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து உனக்கு ஏற்ற வேண்டும் என்றார்கள்.

வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் என்னுடையதுதான் பொருந்தியது. எனக்கு வந்த கர்வத்தை நீயே பார்த்தாய். ஊசி குத்திய கையை உன்னிடம் நீட்டி, "இனிமே உன் உடம்புல ஓடப்போறது என் ரத்தம். என்னை எதிர்த்துப் பேசக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். நீ சிரித்தாய். எப்படி அண்ணா உன்னால் சிரிக்க முடிந்தது?

சில வாரங்களில் உன் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. டாக்டர் முகத்திலேயே அது தெரிந்தது. பிறகு உன் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து அரித்தன. உப்புத் தண்ணீரில் நின்று நின்று நம் ஊரில் யாருக்குத்தான் அந்த அரிப்பு வரவில்லை? மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்கு உப்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உப்பளம் இன்னும் உன்னை விடவில்லை என்று கிண்டல் செய்துகொண்டே தேங்காய் எண்ணெய் தடவினேன். நீயும் ஒன்றும் சொல்லாமல் காலை நீட்டினாய்.

அது உப்பு இல்லை. என் வெள்ளை அணுக்கள். உனக்குள் போன பிறகும் அவை தங்கள் வேலையைத்தான் செய்தன. இது நம்முடையது இல்லை என்று உன் தோலை அடித்தன, குடலை அடித்தன, ஈரலை அடித்தன. ஒரே வயிற்றில் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியவில்லை. அவற்றை அடக்க மருந்து கொடுத்தார்கள். அடங்கிக் கிடந்த நேரத்தில் ஒரு வைரஸ் நுழைந்துவிட்டது. அதைத் தடுக்க உன் உடம்பில் யாரும் மிச்சமில்லை. போன ஆடியில் நீ போனதிலிருந்து, என் ரத்தமே எனக்குத் துரோகம் செய்துவிட்டதே என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அண்ணியிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்: "நீ ஏன் தனம் உன்னையே திட்டிக்கிற? இப்படி ஆனாலும் ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. உங்க அண்ணன்தான், தங்கச்சிக்கு மட்டும் சொல்லாதீங்க, தெரிஞ்சா பயந்துடும்னு கேட்டுக்கிட்டாரு."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவிய எனக்கு மட்டும் தெரியாது. கொடுக்காமல் ஓடிவிடுவேன் என்று நினைத்தாயா? இல்லை, பின்னால் உடைந்துபோவேன் என்றா? சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன் அண்ணா. அழுதிருப்பேன், உன்னோடு சண்டை போட்டிருப்பேன், கொடுத்திருப்பேன். என் ரத்தத்துக்கு உன்னைத் தெரியவில்லை, அதை மன்னித்துவிடலாம், அதற்குக் கண்ணா இருக்கிறது? கூடவே வளர்ந்த உனக்கு என்னைத் தெரியாமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று ஒரு அம்மா அண்ணியிடம் விலாசம் கேட்டு என்னைத் தேடி வந்தார். மரக்காணத்தில் மீன் விற்கிறவர். அவர் மகளுக்கு உன் நோய்தான். மகனுடைய ரத்தம் பொருந்தியிருக்கிறது. எப்படி எடுப்பார்கள், வலிக்குமா என்று அவனுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணனுக்கு ஆனதை மட்டும் என் பையன்கிட்ட சொல்லிடாதம்மா, மிரண்டுடுவான்" என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் உன்னைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறேன். உனக்கு நடந்தது முழுவதையும் சொல்வேன். இதே வைத்தியத்தில் பிழைத்து வீட்டுக்குப் போனவர்களை அந்த ஆஸ்பத்திரியிலேயே நாம் பார்த்தோமே, அதையும் சொல்வேன். பிறகு, கொடுப்பா என்பேன். அவன் பயப்படட்டும், பயந்துகொண்டே கொடுக்கட்டும். ஒன்றையும் அவனிடம் மறைக்க மாட்டேன். நோயில் கிடக்கும் அவன் அக்காவே என் காலில் விழுந்து மறைக்கச் சொன்னாலும் மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்கும் உன் தங்கச்சி,
தனம்