மூன்று நொடி

மகராசிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது.

இங்கே உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. போனில் சொன்னால் நம் வாயாடி மகளின் காதில் விழும். அதனால்தான் பத்தாவதில் கோட்டைவிட்டவன் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பிள்ளை ஏன் போனுக்கே வருவதில்லை, வேலைக்கென்று விட்டுவந்ததில் என் மேல் கோபமா என்று கேட்டாயே. உன் மேல் இல்லை.

அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஞாபகமிருக்கிறதா? திக்கும் பிள்ளைகளையும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளையும் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, சொல் வரும்வரை மோவாயில் கைவைத்துக் காத்திருப்பாரே, அவர்தான். அவரை எடுத்துவிட்டார்கள். புதுத் திட்டமாம், ஆளுக்கொரு டேப்லெட். அதன் முன்னால் வாசிக்க வேண்டும். மூன்று நொடிக்குள் சொல் வராவிட்டால், தேன் ஒழுகும் குரலில் "பரவாயில்லை, அடுத்த சொல்லுக்குப் போகலாம்" என்கிறது. நம் பிள்ளைக்கு முதல் எழுத்து வரவே அதற்கு மேல் ஆகும். பாடம் முழுக்கப் பரவாயில்லை, பரவாயில்லை என்றே ஓடிப்போய், கடைசியில் சிவப்புக் குறி. இப்போது வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாள்.

வியாழக்கிழமை பஸ்ஸை டிப்போவில் விட்ட கையோடு, சட்டைகூட மாற்றாமல், அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரம், பாரபட்சமே கிடையாது, மேலிடத்து உத்தரவு என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. வீராவேசமாக டேப்லெட்டை இழுத்து நானே வாசித்தேன். கோபத்தில் நாக்குக் குழறியது. அது எனக்கும் ஒரு பரவாயில்லை சொல்லி, ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொன்னது. அவர் சிரித்தார். வெட்கங்கெட்டு நானும் சிரித்துவிட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. "ஓடி வர்றவங்களுக்காக நான் பஸ்ஸையே நிறுத்துறேன் சார். உங்களால ஒரு சொல்லுக்கு நிக்க முடியலையா?" என்றேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். கொடுத்திருக்கிறேன். டீச்சரைத் திருப்பித் தரும்வரை வாராவாரம் போய் நிற்பேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சலித்தாவது கொடுக்கட்டும். ஆளைச் சலிக்கவைப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, வருத்தப்படாதே. போன ஞாயிறு நீ பேசும்போது போனை அவள் காதில் வைத்தேன். நீ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுவிட்டு, லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டாய். லைன் போகவில்லை. 'அம்மா' என்று சொல்ல அவள் வாய் திறந்தாயிற்று. சத்தம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த ஞாயிறு கூப்பிடும்போது அவசரப்படாதே. மூச்சு மட்டும்தான் கேட்கும். எவ்வளவு நேரமானாலும் வைத்துவிடாதே, தாயே. அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள்.

நிறுத்தத்தில் நிற்கும்,
உன் டிரைவர்