மணலில் மாட்டிய சர்க்கார்

அன்புள்ள ரோசில்டா,

நீயும் சின்னவளும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஆற்றங்கரை ஊரின் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டுவிட்டு மறுநாளே மனாஸ் நகருக்குத் திரும்பியிருப்பேன். அதற்குள் ஆறு வற்றி, மாநில அரசின் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. சாலைதான் கிடையாதே. எப்போதாவது ஒரு சின்ன ஓடம் போனால் உண்டு.

எனக்கு மீன் சுட்டுத் தரும் ஜுரெமா அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "வந்த வேகத்துல ஓடிப்போற சர்க்காரு, இந்தத் தடவை வசமா மாட்டிக்கிச்சு!"

நேற்று அவள் மகளுக்குக் கடுங்காய்ச்சல். சிரிக்காமல் கேட்டாள்: "நீதானேய்யா சர்க்காரு? ஏதாச்சும் பண்ணு."

இந்தக் கடிதத்தைத் தருபவள் அவள்தான். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. திரும்பும் ஓடத்தில் சோப்பும், சின்னவள் கிறுக்கிய தாள் ஏதாவது இருந்தால் அதையும் கொடுத்தனுப்பு.

ஓடக்காரர் அவசரப்படுத்துகிறார். கோபித்துக்கொள்ளாதே, அவர்கள் உட்கார்ந்து வருவது எனக்கென்று வைத்திருந்த இடத்தில். இது திரும்பி வந்தபின் ஓடத்துக்கும் தண்ணீர் போதாதாம்; மழை வரும்வரை சர்க்கார் இங்கேயேதான்.

எடிவான்