உதவியாளர் எண்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. எங்கள் மட்டாஞ்சேரி முழுக்க ஈரத் துணி வாடை. காக்கநாடு ஆபீசுக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. கிளினிக் இணையதளத்தில் டாக்டரிடம் நேரம் பதிவு செய்யும் பக்கம் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, போன் படித்துச் சொல்வதை மட்டும் கேட்டு நானே சோதித்தேன். தடங்கலே இல்லை. ஒரே பெருமை எனக்கு.

மாலையில் சுதாவிடம் கொடுத்தேன். எதிர்வீடு, பள்ளித் தோழி, பிறவியிலேயே பார்வை இல்லை. பாதியிலேயே மாட்டிக்கொண்டாள். காலியாக இருக்கும் நேரத்தைப் பச்சை நிறத்தில் மட்டும் காட்டியிருக்கிறேன்! அவள் போன் "பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் கண்ண மூடிட்டு செஞ்சப்ப சரியா வந்துச்சேடீ."

"நீ கட்டுன வீட்டுல நீ இருட்டுல நடந்தா முட்டுமா? போய் சாயா போடு."

மூக்கு உடைந்தது.
வாங்க: தேங்காய் எண்ணெய், கப்பைக் கிழங்கு, துணி கிளிப்.

ஜூன் 10, செவ்வாய்
காலையில் மழை இல்லை. துணி காயப்போட்டேன். ஒவ்வொரு நேரத்தோடும் "காலி", "காலி இல்லை" என்று எழுத்தும் சேர்த்தாச்சு. சுதா மறுபடி. இம்முறை சரசரவென்று போனவள் கடைசியில் நின்றுவிட்டாள். மாற்றுத்திறனாளி என்று குறித்தால் "உதவியாளர் எண்" கட்டாயம். நான் நல்லெண்ணத்தில் சேர்த்தது.

"இதுல யார் நம்பர் போட?"

"உங்க அண்ணன் நம்பர். அவருக்கும் மெசேஜ் போகும். கூட்டிட்டுப் போக வசதிதானே?"

போனை மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக: "லேடி டாக்டரப் பாக்கணும்டீ. ரொம்ப நாளா தள்ளிப்போடறேன். அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லி புக் பண்ணச் சொல்ல? இதுலயாவது நானா செய்யலாம்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உன்கிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான்."

சுருக்கென்றது. கோபம்கூட. அவள் போன பிறகுதான் புத்தி வந்தது. போன மாதம் நான் லேடி டாக்டரிடம் போனதை யாரிடம் சொன்னேன்? வீட்டுக்காரரிடம்கூட இல்லை.

ஜூன் 11, புதன்
இடி. கரண்ட் போய்ப் போய் வந்தது. உதவியாளர் எண்ணை எடுத்துவிடலாம் என்று மேனேஜர் ஷிபு சேட்டனோடு போனில் மல்லுக்கட்டு.

"அவங்க சேஃப்டிக்கல்லே, ராஜி? தனியா வந்து வழியில விழுந்தா, பின்ன நமக்கல்லே பிரஷ்னம்?"

"நீங்க டாக்டரப் பாக்கணும்னா உங்க அம்மா நம்பர் கேக்கறாங்களா சேட்டா?"

சேட்டன் சிரித்துவிட்டார்.

"செரி. அத எடுத்துடு."

எடுத்தேன். சுதாவுக்கு ஒரே வரி மெசேஜ்: வெள்ளிக்கிழமை பக்கம் திறக்கும், உன் நம்பர் மட்டும் போதும்.

ஜூன் 13, வெள்ளி
வெயில்! காலையில் பக்கம் திறந்தாச்சு. எதிர் ஜன்னலில் சுதா, காதில் இயர்போன், கையில் போன். கை அசைத்தேன். இத்தனை வருஷம் பழகியும் இந்த அசட்டுத்தனம் போகவில்லை.

பதிவுகள் சரியாக வந்து சேர்கின்றனவா என்று பார்க்கும் திரை என் கணினியில் திறந்தே இருந்தது. "புதிய பதிவு 1" என்று வந்தது. அமுக்கினால் பெயர், டாக்டர், எல்லாம் தெரியும். விரல் அதன்மேல்தான் இருந்தது. மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சுதா. "சாயா உண்டோடீ?"

வேறெதுவும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சர்க்கரை மட்டும் கூடப் போட்டேன்.