கால் சுற்று

லூயிஸ்டவுன், மான்டானா
செப்டம்பர் 9

அன்புள்ள டூயிக்கு ஓரின் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் அரிசோனா வெயிலைப் பற்றி நாலு பக்கம் எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. போனில் பேசலாம் என்றால், துப்பாக்கி சுட்டுச் சுட்டே இரண்டு காதையும் தொலைத்துவிட்டாய். ஆகவே கடிதம்.

வீட்டில் மார்லிஸுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. வைக்கோல் உருளைகளைக் கொட்டகைக்குள் சேர்த்தாயிற்று. நீ விட்டுப்போன நாய்க்கு ஒரு கண் மங்கிவிட்டது, ஆனால் குரைப்பது குறையவில்லை.

அக்டோபர் கடைசியில் காரி பில்லிங்ஸிலிருந்து எல்க் மான் வேட்டைக்கு வருகிறாள். பன்னிரண்டு வயதிலிருந்து என் கையால் கட்டிய தோட்டாவைத் தவிர வேறு எதையும் என் மகளின் துப்பாக்கி தின்றதில்லை. இந்த வருடமும் இருபது தோட்டா கேட்டிருக்கிறாள். அங்கேதான் சிக்கல்.

நாம் சேர்ந்து வாங்கினோமே, அந்தத் தோட்டா கட்டும் பிரஸ், இப்போது ஆட்டம் காண்கிறது. வெற்றுக் கூட்டில் பொறி கிளப்பும் கேப் வைத்து, மருந்து போடுகிற வரைக்கும் ஒழுங்காக இருக்கிறது. கடைசியில் கூட்டின் வாயில் குண்டை உட்காரவைக்கிற அச்சு, அந்த டை இருக்கிறதல்லவா, அதை அசையாமல் பிடிக்கிற லாக் நட் தளர்ந்து போகிறது. காலையில் ஸ்பேனர் போட்டு இறுக்குகிறேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் விரலால் திருகுகிற அளவுக்குச் சும்மா கிடக்கிறது. மேசையின் போல்ட்டுகளைப் பார்த்தேன், ஆடவில்லை. கைப்பிடியின் ஊசியை மாற்றினேன். மரை கழலாமல் பிடிக்கிற நீலப் பசைகூடப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

பிறகு மார்லிஸின் சிவப்பு நகச்சாயத்தை எடுத்து, நட்டுக்கும் பிரஸ்ஸுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு உடைந்தால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியுமே. மறுநாள் கோடு உடைந்திருந்தது. கால் சுற்று. அதற்கு மறுநாளும் கால் சுற்று. அதிர்வில் தளர்கிற நட் ஒரு நாள் கொஞ்சம் தளரும், ஒரு நாள் நிறையத் தளரும். இது தினமும் அளந்து வைத்தாற்போல் திரும்புகிறது. இன்னொன்றையும் கேள். தளர்கிற சாமான் மேலேதான் எழும்பும். என் டை கால் சுற்று கீழே இறங்கியிருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மார்லிஸிடம் சொன்னேன். நகச்சாயத்தைத் தொட்ட கோபம் வேறு அவளுக்கு. "நட்டு கழண்டது பிரஸ்ஸுக்கா, உனக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு"ன்னாள். அவள் மேல்தான் எனக்குச் சந்தேகம். காரி வேட்டைக்குப் போவது அவளுக்கு என்றைக்குப் பிடித்திருக்கிறது?

உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது. குண்டு உட்கார்கிற ஆழம் மாறி உள்ளே அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோட்டா அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கப் போகிறது.

உன் பழைய கூட்டாளி,
ஓரின் டுவெய்ட்

*

லூயிஸ்டவுன்
அக்டோபர் 3

அன்புள்ள டூயிக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். "டேய் ஓரின், இதே நட்டைப் பத்தி நீ எழுதுற மூணாவது லெட்டர்டா இது. மொத ரெண்டுக்கும் பதில் போட்டேனே, அதை அடுப்புலயா போட்டே?" என்று எழுதியிருக்கிறாய். உன் வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். வெயில் உன் மண்டையைப் பதம் பார்த்துவிட்டது என்று மார்லிஸிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தின் கடைசியில், "பட்டறைச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டிருந்தாயே, அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இன்னொரு சாவி மார்லிஸிடம்தான். போன சனிக்கிழமை தேவாலயத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு ரொட்டி போடும் நாள். மார்லிஸ் காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அவள் கிளம்புவதற்கு முன்பே ஒரு டப்பா கோதுமை மாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நட்டை இறுக்கிக் கோடு போட்டு, செருப்புக் காலோடு பின்னாலேயே நடந்து தரை முழுக்க மாவைத் தூவினேன். கதவைப் பூட்டினேன். கள்ளி, பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தால் மாட்டிக்கொள்வாள் என்று திட்டம்.

மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே கால் வைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். மாவில் தடம் இருந்தது. கதவிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து கதவுக்கு. இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்த பூட்ஸ். கோடு உடைந்திருந்தது. கால் சுற்று.

மார்லிஸ் என் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான். அவள் ஆறு மணிக்கு வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சண்டை போட்டேன். அவள் கீழே கை காட்டினாள். என் காலில் இருந்த பூட்ஸின் ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"கொஞ்ச மாசமாவே செஞ்சதையே மறந்துட்டு இப்படித்தான் இருக்கே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலே. டாக்டர்கிட்ட போலாம்னா கத்துறே"ன்னாள். பிறகு அழுதாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் அழுது நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்து பட்டறைக்குப் போனோம். மேசைக்கு அடியில், நான் கந்தல் துணி போட்டு வைக்கிற பெட்டியை அவள் இழுத்தாள். உள்ளே ஆறு டப்பா தோட்டா. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் சீட்டு. மருந்தின் பெயர், அளவு, தேதி, எல்லாம் ஒழுங்காக. எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பர் தேதிகள். மேலே கொட்டை எழுத்தில் "டூயிக்கு".

அப்போதுதான் கால் சுற்று விளங்கியது. உன் துப்பாக்கிக்குக் குண்டு ஒரு மயிரிழை கூடுதல் ஆழத்தில் உட்கார வேண்டும். காரிக்குக் கட்டி முடித்ததும் லாக் நட்டைத் தளர்த்தி, டையைக் கால் சுற்று இறக்கி, உனக்குக் கட்டுவோம். இருபது வருடம் அப்படித்தானே செய்தோம். நீ அரிசோனா போய் ஆறு வருடம் ஆகிறது. துப்பாக்கியையும் விற்றுவிட்டாய். என் கைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

உட்கார்ந்து, காரிக்குக் கட்டி வைத்திருந்த இருபதையும் தராசில் போட்டேன். பத்தொன்பது ஒரே எடை. ஒன்று லேசு. பிரித்துப் பார்த்தேன், உள்ளே மருந்தே இல்லை. காரி அதைச் சுட்டிருந்தால் கேப் மட்டும் வெடித்து, குண்டு குழாயின் பாதியில் நின்றிருக்கும். தெரியாமல் அடுத்ததையும் சுட்டிருந்தால் துப்பாக்கி அவள் முகத்திலேயே பிளந்திருக்கும். மீதிப் பத்தொன்பதையும் அங்கேயே பிரித்துப் போட்டேன், டூயி. பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடுத்தவன் கட்டிய தோட்டாவைச் சுடக் கூடாது என்று நாம் காரிக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அன்றே சொன்னோம். அப்பாவும் டூயி மாமாவும் மட்டும் விதிவிலக்கு என்றோம். இந்த ஆறு டப்பாவையும் கட்டியவன் யார் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் என்னுடையது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டோம். மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

கடைத் தோட்டா வாங்கிக்கொள் என்று காரிக்கு எழுதினேன். உடனே போன் பண்ணி, "என்னாச்சுப்பா?"ன்னாள். பிரஸ்ஸில் ஒரு சாமான் கழண்டிருக்கிறது என்றேன். "அதை டூயி மாமா வந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவாரே"ன்னாள். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே நீ வர வேண்டும். பனி கூடுவதற்குள் வா. பிரஸ்ஸைக் கழற்றி உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. நான் தடுத்தாலும் கேட்காதே. காரிக்கு விஷயத்தை நீ சொல். எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒன்று. லாக் நட் தளர்கிறது, ஏன் என்று விளங்கவில்லை என்று என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தாலும் வரும். வந்தால் திட்டாதே. நாலாவது என்று எண்ணிச் சொல்லாதே. முதல் கடிதம் போலவே பிரித்துப் படித்து, மேசை போல்ட்டைப் பார், கைப்பிடி ஊசியைப் பார் என்று பதில் போடு. அதை எழுதியவன் உன் பதிலுக்காகக் காத்திருப்பான்.

உன் கண்களாவது மீதி நாளுக்குத் தாங்கட்டும்.

இன்றைக்கு நானாகவே எழுதும்,
ஓரின்