பையில காத்து இருக்கா?

பாய்,

இன்று காலை காக்கி புக்கிட் பட்டறையில் நம் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றியதும் தேய்ந்த ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. சுருள் வில்லுக்குள் பாரம் தாங்க வைத்திருந்த காற்றுப் பையை மெக்கானிக் வெளியே இழுத்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது.

"காத்தே இல்லாம ஓட்டியிருக்கீங்க அக்கா. மடிஞ்சு, உரசி, கிழிஞ்சிருச்சு. யாருமே சொல்லலையா?"

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனிதராக நீங்கள் இருந்தீர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, பாய்?

தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் சாலைக் கலைநிகழ்ச்சி மேடைகளுக்கு ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவோமே, அந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. டிரெய்லரை மாட்டியதும் வண்டி பின்பக்கம் குந்திக்கொள்ளும். நீங்கள் பைகளுக்குக் காற்றடிப்பீர்கள், மெல்ல நிமிரும். வேலை முடிந்து டிரெய்லரைக் கழற்றினால், முதல் காரியமாக நான் காற்றை முழுவதும் திறந்துவிடுவேன். காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, கழுத்து வலிக்கிறது என்பது என் நியாயம். நடுத்தெருவில் நமக்குள் சண்டை மூளும்.

"முழுசா எறக்காத தங்கச்சி! சும்மா போற வண்டிக்கும் கொஞ்சம் காத்து வேணும் லா."

"சும்மா போற வண்டிக்கு எதுக்கு பாய்? உங்களுக்குப் பொழுது போகலையா?"

"சும்மா இருக்கும்போதுதான் பை மடியும். சொன்னா கேக்குறியா நீ?"

கேட்க மாட்டேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் நீங்களே குனிந்து கொஞ்சம் அடித்து வைத்துவிடுவீர்கள். பை கிழியவில்லை. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று உங்களிடமே பீற்றிக்கொண்டேன்.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் தொடங்கி, நாம் சேர்ந்து நடத்திய தொழிலை விட்டு ஒதுங்கினீர்கள். ஆங் மோ கியோவில் உங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து பார்த்தேன். நான் இருக்கும் தெம்பனிஸிலிருந்து அது ஒன்றும் வேறு நாடு இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வரவில்லை. வேலை என்றேன். வேலை இருந்தது, உண்மைதான். வர நினைத்திருந்தால் வந்திருக்கலாம், அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள்தான் போன் செய்வீர்கள்.

"தங்கச்சி, பையில காத்து இருக்கா?"

"இருக்கு பாய்."

"பாத்தியா?"

"பாத்தேன் பாய். வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

பார்த்ததே இல்லை. கார்பார்க்குக்கு இறங்கிப் போகக்கூட இல்லை. தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விலகிப் போன பிறகும் வண்டியை விட மாட்டேன் என்கிறாரே மனிதர் என்று எரிச்சல்தான் வந்தது. வேறு எதைக் கேட்டு என்னோடு பேச ஆரம்பிப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

உங்களை அடக்கம் செய்து சில நாள் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை உனக்குப் போன் போடுறதுக்கு முந்தி சட்டை மாத்திக்குவாரும்மா. என்னமோ நேர்ல பாக்கப் போற மாதிரி ஜன்னல்கிட்ட போய் உக்காந்துக்குவாரு. வச்சதும் என்கிட்ட வந்து, 'காத்து இருக்காம்'னு சொல்லுவாரு. அதோட சரி, பேப்பரைப் பிரிச்சிடுவாரு."

தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. நான் போட்ட பொய்யை நீங்கள் அப்படியே நம்பி, இன்னொருவரிடமும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு சட்டை மாற்றும் நேரம்கூட என் பேச்சு நீடித்ததில்லை, பாய். வெட்கமாக இருக்கிறது.

இருந்தும் வண்டியைக் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் காற்று இல்லை என்பது தெரிந்து, நான் சொன்னது முழுப் பொய்யாகிவிடுமே. பை கிழிந்து, காற்றடித்தும் வண்டி நிமிராத பிறகுதான் இன்று பட்டறைக்குப் போனேன்.

புதுப் பைகள் மாட்டியாகிவிட்டது. டிரெய்லர் இல்லாமல்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது, கழுத்தும் வலித்தது. போகட்டும் என்று காற்றை இறக்காமல் விட்டுவிட்டேன். கார்பார்க்கில் நிறுத்தியதும் தரையில் குந்தி, வால்வு மூடியைத் திருகி எடுத்து, அளவுமானியை வைத்து அழுத்தினேன். முள் நீங்கள் சொல்லும் இடத்தில் நின்றது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான், நீங்கள் கேட்காவிட்டாலும்.

பக்கத்தில் கார் எடுக்க வந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்:

"இருக்கு பாய். பாத்துட்டுத்தான் சொல்றேன்."